களிமண் படத்து மைல்கல்

காரைக்குடி
18.8.2025

அன்பு மகள் ரோகிணிக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் இருக்கிற கையெழுத்தைப் பார்த்து, ஏதோ டாக்டர் சீட்டு என்று மாப்பிள்ளை மருந்துக்கடைக்குக் கொண்டுபோய்விடப் போகிறார், சொல்லிவை. ரோட்டுக்காரன் கை. முப்பது வருஷம் மைல்கல்லில் ஊர்ப்பேர் எழுதிப் பழகியது. காகிதத்திலும் வரிக்கு நாலு வார்த்தைக்கு மேல் அடங்க மாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுவார் என்று கேட்பாய். போனில் நான் "அம்மா ரோகிணி" என்றதும் நீ "அதைப் பத்தியா?" என்கிறாய். ஆமாம் என்றால் வைத்துவிடுகிறாய். இல்லை என்று பொய் சொன்னால், அதற்கு மேல் பேச எதுவும் அகப்படாமல் நானே வைத்துவிடுகிறேன். கடிதம் என்றால் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் நான்தான் பேசுவேன்.

அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அக்டோபர் 27, திங்கட்கிழமை. அரியக்குடிப் பெருமாள் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டு, பிறகு பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. பந்தல் கிடையாது, மேளம் கிடையாது. அறுபது வயதில் மேளம் வைத்தால் தெருவே வந்து என் தலைமுடியை எண்ணும்.

மீனாம்பிகை யார் என்று நீ ஒரு நாளும் கேட்டது இல்லை. கேட்கும் முன்னாடியே கோபம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். கணவர் காலமாகி வெகு வருஷம். பிள்ளை இல்லை. போன வருஷம் பென்சன் காகிதங்களை நகல் எடுக்கப் போனேன். ஆதார் அட்டையில் முன்பக்கத்தை எடுத்தேன், பின்பக்கத்தை மறந்தேன். மறுநாள் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டு அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கும் மறுநாள் அட்டையை வாங்கப் போனபோது அவர் கேட்டார்: "சார், நீங்க வேணும்னே மறக்கிறீகளா, இல்ல ஒங்க இயல்பே இப்பிடித்தானா?" என் இயல்பைப் பற்றி ஒருவர் அக்கறையாக விசாரித்து எத்தனை காலம் ஆயிற்று. நான் வெட்கப்பட்டுப்போனேன்.

உனக்குச் சிரிப்பு வராது என்று தெரியும். வேறு மாதிரி எழுத எனக்கு வரவில்லை. வேலையில் இருந்தவரை வெயில் இருந்தது, தார் இருந்தது, கூட நாலு பேர் இருந்தார்கள். இப்போது ஒருவேளைக்குச் சோறு வடித்தால் ரெண்டு நாளைக்கு வருகிறது. டிவியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நான் பதில் வணக்கம் சொல்கிறேன். முந்தாநாள் கையைக்கூடக் கூப்பிவிட்டேன்.

அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றாய். கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைக்கிறேன். எப்படியாவது வா.

ஹேமாக் குட்டிக்கு முத்தம். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அப்பா,
சேவுகப்பெருமாள்

*

புனே
28.8.2025

அப்பா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்தை அவரிடம் காட்டவில்லை.

நீங்கள் எதைச் சொன்னாலும் வேடிக்கையாகச் சொல்லிவிடுவீர்கள். எதிரில் இருக்கிறவர் சிரித்துவிட்டால் உங்கள் பக்கம் சேர்ந்த மாதிரி. அதனால்தான் போனை வைத்தேன். நான் சிரித்துவிடுவேன் என்ற பயம்.

நான் சொன்னதில் மாற்றம் இல்லை. 27ஆம் தேதி நாங்கள் வரவில்லை.

அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அப்போது எத்தனை பேர் வந்து உங்களிடம் சொன்னார்கள், "பொட்டப் புள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில என்ன செய்வீக, ஒருத்தியக் கூட்டிட்டு வாங்க" என்று. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். நீங்கள் முடியாது என்றீர்கள். நீங்களே எனக்குச் சடை பின்னினீர்கள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. பள்ளிக்கூடத்தில் என்னைத் தராசு என்று கூப்பிட்டார்கள். பரவாயில்லை, அம்மா இடத்தை அப்பா யாருக்கும் கொடுக்கவில்லை என்ற பெருமையில் நான் அந்தச் சடையோடு நிமிர்ந்து நடந்தேன். இப்போது இருபத்திரண்டு வருஷம் கழித்து, அந்த இடம் காலியாகத்தான் கிடந்தது என்கிறீர்கள். எனக்கு வேண்டியிருந்த காலத்தில் யாரும் வரவில்லை. உங்களுக்கு வேண்டும் என்றதும் வருகிறார்கள்.

இதை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். இருக்கட்டும்.

வேறு ஒரு செய்தி. நம் ரொட்டிக்கடைப் படம் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் களிமண் பொம்மைப் படம். ஹேமாவுக்குத் தூங்கும்போது அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தின் பெயர் தெரியாமல், "ரொட்டிக்கடைக்காரர், ரெண்டு பிள்ளைகள், ஒரு ஆடு" என்று சொல்லிச் சொல்லி உங்கள் மாப்பிள்ளை எங்கெங்கோ தேடி, பழைய டிவிடி ஒன்றை வரவழைத்திருக்கிறார். அதைப் போடுவதற்காக ஒரு பழைய பிளேயரும் வாங்கினார். சுத்தம் செய்த பதிப்பாம். கீறல் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறோம். அந்தப் படமாவது அப்படியே இருக்கும்.

ரோகிணி

*

காரைக்குடி
4.9.2025

அன்பு மகளுக்கு,

நீ திட்டியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத வேண்டும். ஆனால் கடைசிப் பத்தியைப் படித்ததும் மற்றது எல்லாம் தலையில் இருந்து கழன்று போய்விட்டது. ரொட்டிக்கடைப் படமா? மாப்பிள்ளை மனுஷர்தான். அவருக்கு ஒரு மைல்கல் நட்டு வைக்கலாம்.

அதை நான் வாங்கின கதை உனக்குத் தெரியாது. திங்கட்கிழமைச் சந்தை. தரையில் சாக்கு விரித்து ஒருவன் சிடி விற்றுக்கொண்டிருந்தான். சாமிப் படம் ஒன்று கேட்டேன். உறையில்லாத ரெண்டு சிடியை ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தான். அம்மா போய் மூணு மாசம். வீட்டில் சத்தமே இல்லை என்று போனஸ் வந்ததும் ஒரு பிளேயர் வாங்கியிருந்தேன். சிடியைப் போட்டால் சாமியைக் காணோம். மீசை வைத்த ஒரு களிமண் ஆள் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கிறான். ஏமாந்தோம் என்று நிறுத்தப் போனேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய்.

பேசுவதெல்லாம் இங்கிலீஷ். நான் பத்தாவதையே மூணு படையெடுப்பில் பிடித்தவன். மூணிலும் எதிரி இங்கிலீஷ்தான். நீ, "அப்பா, அந்தாளு என்ன சொல்றாரு?" என்றாய். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. "அவரு பேரு முத்துக்கருப்பன். ரொட்டி கருகிப் போச்சுன்னு வருத்தப்படுறாரு" என்றேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரமும் நான்தான் எல்லாருக்கும் வாய். ஆட்டுக்குக் கருப்பி என்று பெயர் வைத்தேன். அதுக்கும் பேசினேன். மறுநாள் போட்டபோது ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டேன், நீ, "நேத்து அவரு அப்பிடிச் சொல்லலையே" என்றாய். அப்புறம் நான் மனப்பாடம் செய்துகொண்டேன். பள்ளிக்கூடத்தில் இப்படிச் செய்திருந்தால் தாசில்தார் ஆகியிருப்பேன்.

தரை பூராவும் வெள்ளையாகக் கிடக்குமே, "கோலமாவு வண்டி கவுந்திருச்சு" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பனி என்று பிற்பாடுதான் தெரிந்தது. அந்த முத்துக்கருப்பன் கன்னத்தில் செய்தவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருக்கும். நீ டிவி கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்து, "இவரு மூஞ்சியில யாரு கை?" என்றாய். "அவரோட அம்மா பவுடர் அடிச்சு விட்ருக்கா" என்றேன். அப்புறம் நீ பவுடர் அடித்தால் மூஞ்சியைத் துடைக்க விட மாட்டாய்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தக் குன்று மேல் இருந்த மைல்கல். நம் இலாகா இல்லாத தேசம் இல்லை பார் என்று சந்தோஷமாக இருக்கும். அவர்களும் நம்மைப் போலவே பூ வைத்தார்கள். அங்கேயும் ஆயுத பூசை உண்டு போல.

கடைசிக் காட்சி. வாசலில் வண்டி வந்து நிற்கும். ஆரம்பத்தில் போன அம்மா புதுசாக நீலத் தொப்பி போட்டுக்கொண்டு இறங்குவாள். முத்துக்கருப்பன் மாவுக் கையோடு ஓடுவான். அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டுவிடுவேன், கவனித்திருக்கிறாயா? பேச வராது. நீ திரும்பிப் பார்த்து, "அழுவுறீகளா? படந்தானப்பா" என்பாய்.

ஒரே ஒரு வேண்டுகோள். குட்டிக்குக் காட்டும்போது சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டு என் கதையைச் சொல். ஒரிஜினலைவிட அது நல்லா இருக்கும். நானே பார்த்தவன்.

மற்றதை அடுத்து எழுதுகிறேன். கோபம் இருக்கட்டும். சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

புனே
15.9.2025

அப்பா,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே படம் பார்த்து முடித்துவிட்டோம். சத்தத்தோடு, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓட, முழுதாக.

அது மைல்கல் இல்லை.

நம் சிடியில் அந்த அம்மா வண்டியில் ஏறிப் போனதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். நீங்கள் ரிமோட்டைத் தட்டித் தட்டித் தள்ளிவிடுவீர்கள். அடுத்து குன்றும் கல்லும்தான் வரும். இந்தப் பதிப்பில் அது உடையவில்லை. வண்டி பனியில் சறுக்குகிறது. பிறகு ஒரு கட்டில், ஒரு டாக்டர், மூடிய கதவு. பிறகு அந்தக் கல். பெரிய பெண் தம்பியிடம் சொல்கிறாள், "அம்மா இங்கதான் தூங்குறா, சத்தம் போடாத." நான் ஹேமாவிடம் "அது மைல்கல்லு" என்று சொல்லத் தொடங்கியிருந்தேன். பாதியில் நின்றுவிட்டேன்.

கல்லில் இருக்கிற எழுத்தைப் பார்த்து "எவ்வளவு தூரம் போட்ருக்கு?" என்று சின்ன வயதில் நான் கேட்டேன். நீங்கள் கிட்டப் போய்க் குனிந்து, இலாகாக்காரர் தோரணையில் வாசித்துச் சொன்னீர்கள்: "ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு கிலோமீட்டர்." அது பிறந்த வருஷம், அப்பா. பக்கத்திலேயே செத்த வருஷமும் இருக்கிறது.

நீலத் தொப்பிக்காரி அவர்களுடைய அம்மா இல்லை. பக்கத்து ஊர்த் தையல்காரி. நடுவில் இரண்டு காட்சிகளில் வருகிறாள். நீங்கள் அவளைச் சித்தி என்று சொல்லியிருந்தீர்கள். கடைசியில் அவளைத்தான் ரொட்டிக்கடைக்காரர் கல்யாணம் செய்துகொள்கிறார். ஹேமாவுக்கு எல்லாம் புரிந்தது. "புது அம்மா வந்துட்டாங்க" என்று கை தட்டினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் ஆயுத பூசைக்கு நானும் வருவேன் என்று அடம் பிடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? திருப்பத்தூர் ரோட்டு மைல்கல்லை நீங்கள் எல்லாரும் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போடுவீர்கள். நான் தனியாகக் கனகாம்பரம் கட்டிக் கொண்டுவருவேன், நானே போடுவேன் என்பேன். போட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மா போனது ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர், மைல்கல்லுக்குப் பூ வைத்தால் திரும்பி வருவாள் என்று படத்தில் பார்த்திருந்தேன். ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்பேன். நீலமாக ஏதாவது தெரிகிறதா என்று. மூன்றாவது வருஷம் நானே நிறுத்திக்கொண்டேன். "ஏன் வரலை?" என்று கேட்டீர்கள். வெயில் என்றேன்.

நீங்கள் அம்மா வருவாள் என்று எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லை. படத்தைத்தான் சொல்லவிட்டீர்கள்.

ஒரு வரியில் பதில் எழுதினால் போதும். உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா, தெரிந்தேதான் மாற்றிச் சொன்னீர்களா?

ரோகிணி

*

காரைக்குடி
23.9.2025

ரோகிணி,

தெரியாது.

ஒரு வரி கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி எழுதுவது நீ கேட்காதது. வேண்டுமானால் மடித்து வைத்துவிடு.

தாயி, நான் ரோட்டுக்காரன். ரோட்டோரமாக ஒரு கல் நட்டிருந்து, அதில் எழுத்தும் எண்ணும் இருந்து, முன்னால் பூ கிடந்தால், எனக்கு அது மைல்கல்தான். வருஷா வருஷம் என் கையால் பூ வைத்தவன் நான். நம்ம ஊரில் செத்தவர்களை அப்படிக் கல்லில் பெயர் எழுதி நடுவது கிறிஸ்தவர்கள் தோட்டத்தில்தான். மதிலுக்குள் நான் எட்டிப் பார்த்தது இல்லை. உன் அம்மா பொன்னுத்தாயியை எரித்துச் சாம்பலைக் கரைத்துவிட்டு வந்தோம். அவள் பெயர் எழுதின கல் எங்கேயும் இல்லை. இருந்திருந்தால் அந்தக் கல்லைப் பார்த்ததும் எனக்கு விளங்கியிருக்குமோ என்னவோ.

எண் பெரிதாக இருக்கிறதே என்று யோசித்தேன். டெல்லி தூரமாக இருக்கும் என்று முடிவு பண்ணினேன். அங்கேதான் என் படிப்பு நிற்கிறது.

அம்மா ஒருத்தி வண்டியில் போனாள். கடைசியில் ஒருத்தி வண்டியில் வந்தாள். அதே மூஞ்சி. இரண்டையும் கூட்டிக் கணக்கு முடித்தேன். நடுவில் வந்தவளுக்கும் அதே ஜாடை, சரி தங்கச்சியாக இருக்கும், சித்தி என்று சொல்லிவைப்போம் என்று விட்டேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன். அந்தப் படத்தை ஏன் அத்தனை தடவை போட்டேன்? உனக்காகப் போடுகிறேன் என்று சொல்லிக்கொள்வேன். நீ தூங்கிப்போன நாளிலும் நிறுத்தாமல் பார்த்திருக்கிறேன். பொன்னுத்தாயியை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தவன் நான். தூக்கினதும் நான். திரும்ப மாட்டாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தக் கதவு திறக்கிற இடம் வரும்போது கொஞ்ச நேரம் அது மறந்துபோகும். அதற்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது நீ சொல்லித் தெரிகிறது, எவனோ ஒரு ரொட்டிக்காரனுடைய இரண்டாம் கல்யாணத்துக்கு நான் வருஷக்கணக்காக அழுதிருக்கிறேன். மொய் வைக்காததுதான் பாக்கி.

இதை எழுதிவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கனகாம்பரம். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லையே. கூட வேலை பார்த்தவர்களிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "பாருங்கடா, என் மகளுக்கு என் வேலை மேல எம்புட்டுப் பெருமை." நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதைக் காட்டி, "மேஸ்திரி மாதிரி மேற்பார்வை பார்க்குது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வெயில் என்று நீ சொன்னதையும் நம்பினேன். அடுத்த வருஷத்துக்கு என்று உனக்கு ஒரு குடை வாங்கி வைத்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்து என்ன செய்ய முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நீ நின்ற இடத்துக்கு நேற்றுப் போய்விட்டு வந்தேன். ரோடு அகலமாகிவிட்டது. கல்லை எடுத்து எங்கே போட்டார்களோ.

உன் கடிதத்தை மீனாம்பிகைக்குப் படித்துக் காட்டினேன். கோபப்படாதே, வேறு யாரிடம் காட்டுவேன். கிலோமீட்டர் வரும் இடத்தில் சிரித்தார். கனகாம்பரம் வந்ததும் எழுந்து போய், ஒன்றும் வைக்காமலே மெஷினை ஓடவிட்டார். வெள்ளைக் காகிதமாக வந்து விழுந்தது. பிறகு சொன்னார்:

"அந்தப் புள்ள வராம நான் மாலை மாத்த மாட்டேன்."

"நாள் குறிச்சாச்சே" என்றேன்.

"குறிச்சா அடிங்க. பொன்னுத்தாயி அக்காவுக்குப் புடவை வச்சுப் படைக்காம நான் அந்த வீட்டுக்குள்ள வர முடியாது. அத எடுத்து வைக்க வேண்டியது மகதான். நீங்களோ நானோ கடையில வாங்கிட்டு வந்து வச்சா, அக்கா ஏத்துக்குவாகளா? பெத்த மக வைக்கணும். அவுக வழி விட்டாத்தான் எனக்கு வழி."

நம் பக்கத்து முறை உனக்கும் தெரியும். மூத்தவளுக்குப் புடவை படைத்துவிட்டுத்தான் அடுத்தவள் படி ஏறுவது. நான் அதை மறந்திருந்தேன். மறப்பது என் இயல்பு என்று முன்பே முடிவாகிவிட்டது.

ஆக, 27ஆம் தேதி என் கையில் இல்லை. உன் கையில் இருக்கிறது. கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. கெஞ்சத்தான் செய்கிறேன், ஆனால் நீ அப்படி நினைக்க வேண்டாம். வேண்டாம் என்று எழுதினால் அவரிடம் போய்ச் சொல்வேன். அவர் கடையைத் திறப்பார். நான் வீட்டில் இருப்பேன். உன் மேல் வருத்தம் வராது. அது ஒன்றை மட்டும் வேடிக்கை இல்லாமல் எழுதுகிறேன்.

அப்பா

*

புனே
4.10.2025

அன்புள்ள அப்பா,

உடனே எழுத முடியவில்லை. புதன்கிழமை ஆயுத பூசைக்கு ஹேமா தன் சைக்கிளுக்கு அரைக் கிலோ சந்தனம் பூசிவிட்டாள். இன்றைக்குத்தான் அது போனது.

ஹேமா அந்தப் படத்தை விடுவதாக இல்லை. தினமும் கேட்கிறாள். நான் போட்டுக் கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். நேற்று அவள் ரிமோட்டை எங்கேயோ அமுக்கிவிட்டாள். டிவிடியில் படம் எடுத்த விதத்தைத் தனியாகப் போட்டிருக்கிறார்கள். அது ஓட ஆரம்பித்தது. ஒரு வயதானவர், முழங்கை வரை களிமண். பொம்மையின் கையை நெல்லளவு நகர்த்துகிறார், போட்டோ எடுக்கிறார், மறுபடி நகர்த்துகிறார். ரொட்டிக்கடைக்காரர் கதவைத் திறந்து ஓடுகிற அந்தக் கடைசிக் காட்சிக்கு ஒரு மாதம் ஆனதாம். நாம் அதை ஒரு மூச்சில் பார்த்துவிடுவோம்.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். நான் பின்னால் ஓட்டி மூன்று தடவை கேட்டேன். தோல் நிறக் களிமண் பாதியிலேயே தீர்ந்துவிட்டதாம். மறுபடி கலக்கினால் அதே நிறம் வரவில்லை. அதனால் தையல்காரிக்கென்று தனியாகத் தலை செய்யவில்லை. செத்துப்போன அம்மா பொம்மையின் தலையையே எடுத்து, முடியை மாற்றி, நீலத் தொப்பி வைத்து நிறுத்திவிட்டார்கள். "யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நினைத்தோம், கண்டுபிடிக்கவும் இல்லை" என்று சிரித்தார்.

நீங்கள் கண்டுபிடித்தீர்கள் அப்பா. இங்கிலீஷ் தெரிந்த அத்தனை பேரும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டார்கள். நீங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அதே மூஞ்சி என்று எழுதியிருந்தீர்களே, அதேதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். அவர்கள் களிமண். அம்மா வேறு, அவர் வேறு. தொப்பியை மாற்றி வைத்தால் நான் கை தட்டிவிட மாட்டேன். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. யார் மேல் என்றுதான் இப்போது சரியாகத் தெரியவில்லை.

ஆனால் நேற்று ஹேமா தூங்கிய பிறகு நானும் கடைசிக் காட்சியைப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை நிறுத்திவிட்டு. உங்கள் வார்த்தை எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது, ஆடு பேசினது உட்பட. கதவு திறக்கிற இடத்தில் நீங்கள் பேசாமல் இருந்ததும் ஞாபகம் வந்தது. அந்த நாளெல்லாம் நான் மட்டும்தான் காத்திருக்கிறேன் என்று நினைத்தேன். என் பக்கத்தில், அதே பாயில், இன்னொருவரும் அதே கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டோம். முதல் கடிதத்தில் நான் ஒரு வரியை அடிக்காமல் விட்டேன் இல்லையா, உங்களுக்கு வேண்டும் என்றதும் வருகிறார்கள் என்று. அதை அடித்துவிடுங்கள். உங்களுக்கும் அப்போதே வேண்டித்தான் இருந்தது.

25ஆம் தேதி காலை காரைக்குடி வருகிறோம். சென்னை வழியாக டிக்கெட் எடுத்தாயிற்று. அவருக்கும் லீவு கிடைத்தது.

அம்மாவுக்குப் புடவை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு பச்சை. கடுகு நிறக் கரை போட்டது. அதில் எனக்குத் தொட்டில் கட்டியிருந்ததும், உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்ததும் மங்கலாக ஞாபகம் இருக்கிறது. இங்கே நாலு கடை ஏறி இறங்கி அதே மாதிரி ஒன்று கண்டுபிடித்தேன். நானே எடுத்து வைக்கிறேன்.

ஹேமா அவரை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று இப்போதே கேட்காதீர்கள். நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன் என்று எனக்கே தெரியாது. வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குப் பில் போடும்போது கடைக்காரர், "இன்னொண்ணு எடுக்கறீங்களா?" என்றார். பர்ஸைத் திறந்து மூடினேன். பிறகு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டு எழுதுங்கள்.

ரோகிணி

*

காரைக்குடி
10.10.2025

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரர், "என்ன சேவுகப்பெருமாளண்ணே, நல்ல சேதியா?" என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேனோ, அவர் கவலையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

பச்சைதான். நீ சொன்ன அதே பச்சை. கல்யாணமான வருஷம் ஆடித் தள்ளுபடியில் நான் எடுத்தது. "தள்ளுபடியிலயே தள்ளினதாட்டம் இருக்கு" என்று உன் அம்மா என்னைக் கேலி செய்துகொண்டே நாலு வருஷம் கட்டினாள். அப்புறம் கிழித்துத் தொட்டிலாக்கினாள். உனக்குச் சொல்ல வேண்டியது இந்த மாதிரி இன்னும் நிறைய இருக்கிறது. இதுவரை ஏன் சொல்லாமல் இருந்தேன் என்று தெரியவில்லை. வந்ததும் சொல்கிறேன்.

நேரே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஹால் டிக்கெட் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று, "ரோகிணி கேட்டு எழுதச் சொல்லியிருக்கு, ஒங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்னு" என்றேன்.

மெஷினை மூடின கை மூடினபடியே இருந்தது. பிறகு, "எனக்கென்ன கலரு, இந்த வயசுல. எதா இருந்தா என்ன" என்றார். ஒரு பையனுக்குப் பாக்கிச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்தார். அவன் நல்ல பையன், திருப்பிக் கொடுத்தான்.

சரி, அப்படியே எழுதிவிடுகிறேன் என்று கிளம்பினேன். முக்குவரை வந்திருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது.

"கத்திரிப்பூக் கலரு" என்றார். "ரொம்ப அடர்த்தியா வேணாம். கரை சின்னதா இருக்கட்டும். ஆனா நான் சொன்னேன்னு எழுதிராதீக."

எழுதிவிட்டேன்.

அப்பா